வடக்கு வரிசை, ஏழாம் கட்டில்

எனக்குக் கோபம் வரும் என்பது எங்கள் வைத்தியசாலையில் எல்லோருக்கும் தெரிந்த விடயம். ஆண்களுக்கான சத்திரசிகிச்சை வாட்டுக்குப் பொறுப்புத் தாதியாக நான் போன முதல் வாரமே மூன்று சிற்றூழியர்கள் வேறு வாட்டுக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அந்த மூன்று பேரோடும்தான் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். இப்போது என் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைக்கு வாயைத் திறக்கலாமா கூடாதா என்று தெரிந்துகொள்கிறார்கள்.

கோபத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். சத்திரசிகிச்சை முடிந்து வருகிறவர் ஒரே ஆளின் பொறுப்பில் இருப்பதில்லை. சத்திரசிகிச்சைத் தியேட்டரிலிருந்து வாட்டுக்கு வருகிறார். மத்தியானம் ஒரு மணிக்குக் காலை முறைத் தாதியிடமிருந்து பின்னேர முறைத் தாதியிடம் போகிறார், ஏழு மணிக்கு இரவு முறைக்கு. ஒவ்வொரு தடவையும் அவரைப் பற்றி அறிந்தவர் வீட்டுக்குப் போக, அறியாதவர் வந்து நிற்பார். இடையில் சொல்லிக் கொடுப்பதுதான் கையளிப்பு. நான் போன காலத்தில் அது பருத்தித்துறையில் இருக்கிற மாமிக்குப் பஸ்ஸில் பார்சல் கொடுத்துவிடுகிற மாதிரித்தான் நடந்தது. தியேட்டர்க்காரர் தள்ளுகட்டிலை வாட்டு வாசலில் விட்டு, இந்தாங்கோ உங்கடை ஆள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது, உடையக்கூடிய சாமானா என்பதெல்லாம் பார்சலைப் பிரிக்கிறவர் பாடு.

வாட்டுக்குள் தாதிகள் தங்களுக்குள் செய்கிற கையளிப்பு இன்னொரு விதம். எங்கள் ஆட்களுக்குக் கதைக்கவா தெரியாது? நெல்லியடியிலிருந்து வந்த ஐயாவின் மூத்த மகன் சுவிஸில், இளையவன் கனடாவில், இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, மூத்த மருமகள்தான் காரணமாம், ஐயா காலையிலிருந்து அழுதபடி, பாவம். எல்லாம் வரிசையாக வரும். ஐயாவுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு என்பது மட்டும் விடுபட்டுப் போகும்.

பெயரைச் சொல்லிக் கையளித்தாலும் தொல்லை தீராது. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். இருபத்துநான்கு கட்டிலில் ஒன்பது பேருக்கு முருகனுடைய பெயர், அதிலும் மூன்று பேருக்கு ஒரே பெயர். மாத்திரையோடு போய்க் கூப்பிட்டால் மூன்று பக்கத்திலிருந்தும் "ஓம்" என்று கேட்கும். ஒருவர் தன்னுடையது என்ன மாத்திரை என்று கேட்காமலேயே வாயைத் திறந்துகொண்டு இருப்பார்.

ஆகவே நான் ஒரு படிவம் தயாரித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. ஒரே தாள், இருபத்துநான்கு வரி. ஆளுடைய பெயர் கிடையாது, கட்டில் இலக்கம் மட்டும். இலக்கத்துக்கு நேரே என்ன சத்திரசிகிச்சை, எத்தனையாவது நாள், சேலைன் ஓடுகிறதா, வாயால் சாப்பிடலாமா கூடாதா. காலை முறைப் பொறுப்பாளர் நிரப்புவார். ஒரு மணிக்கு மேசையில் வைத்து வாசிப்பார், மற்றவர் கேட்பார், இருவரும் கையெழுத்து வைப்பார்கள். ஐந்து நிமிடம். சுவிஸ் மகனுக்கும் கனடா மகனுக்கும் அதில் கோடு போடவில்லை.

இன்னொரு கட்டளையும் போட்டேன். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் நோயாளியின் விபரமெல்லாம் எழுதிய ரிக்கற் தொங்கும். பார்க்க வருகிற சொந்தக்காரர் அதைக் கழற்றிப் படம் எடுத்து லண்டனில் டொக்டராக இருக்கும் பெறாமகனுக்கு அனுப்புவார்கள். அவர் அங்கிருந்து எங்கள் வைத்தியத்தைத் திருத்துவார். திரும்ப மாட்டும்போது பக்கத்துக் கட்டிலில் மாட்டிவிட்டும் போவார்கள். எனவே பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்: ரிக்கற்றைத் தாதியர் தவிர வேறெவரும் தொடக்கூடாது.

படிவம் நன்றாக ஓடியது. சத்திரசிகிச்சை நிபுணர் அதைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் தலையாட்டுவது வருடத்தில் ஒன்றிரண்டு தரம்தான். மற்ற வாட்டுக்காரர் பிரதி கேட்டு வந்தார்கள். பணிப்பாளர் ஒரு கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார். அதற்கென்று ஒரு சேலை எடுத்தேன், நாற்பது நிமிடம் பேசினேன். இனி எங்கள் வாட்டில் ஒரு நோயாளியும் இடையில் தவறமாட்டார் என்று ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். கை தட்டினார்கள்.

படிவத்தில் நான் சேர்க்காமல் விட்டது வடக்குத் திசையை.

எங்கள் வாட்டில் இரண்டு வரிசைக் கட்டில்கள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை வடக்குச் சுவரோடு, பதின்மூன்றிலிருந்து இருபத்துநான்கு வரை எதிரே தெற்குச் சுவரோடு. சுவர்ப்பக்கம்தான் தலைமாடு. ஆகவே முதல் வரிசையில் படுக்கிறவர்கள் எல்லோரும் வடக்கே தலைவைத்துப் படுக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சைவக்காரரிடம் வயிற்றை வெட்டப் போகிறோம் என்றால் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். வடக்கே தலைவைத்துப் படுங்கள் என்றால் எழும்பிவிடுவார்கள். வருடக்கணக்காக இந்தப் போரை நடத்தியிருக்கிறேன். தலையணையைத் தூக்கிக் கால்மாட்டில் போடுவார்கள், நான் எடுத்துத் திரும்பத் தலைமாட்டில் போடுவேன். ஒட்சிசன் குழாய் சுவரில்தான் இருக்கிறது, அதை உங்கள் காலுக்கா கொடுப்பது என்று கேட்பேன். நான் போனதும் தலையணை மட்டும் இடம் மாறியிருக்கும்.

கடைசியில் நோயாளிகள் தாங்களே ஒரு வழி கண்டார்கள். கிறிஸ்தவ வேதக்காரர் ஒருவரோ முஸ்லிம் ஒருவரோ தெற்கு வரிசைக்கு வந்தால், வடக்கு வரிசையிலிருந்து ஆள் அனுப்பிப் பேச்சுவார்த்தை நடக்கும். உங்களுக்கு இதெல்லாம் பார்வை இல்லைத்தானே, கொஞ்சம் மாறுவமோ? அவர்களும் பெருந்தன்மையாக மாறிக்கொடுப்பார்கள். இது எனக்குத் தெரியும். சத்திரசிகிச்சைக்கு முன்னர் நடப்பது என்று நினைத்திருந்தேன், அதனால் கண்டும் காணாமலும் இருந்தேன்.

அந்தக் கிழமை ஏழாம் கட்டிலில் இருந்தவர் சாவகச்சேரிப் பக்கத்தில் வயல் செய்கிற கமக்காரர். வயது அறுபதுக்கு மேல், மெலிந்த உடம்பு, பேச்சு இல்லை. குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருந்தது. தியேட்டரிலிருந்து அவரைக் கொண்டு வந்தபோது நிபுணர் தானே கூட வந்து என்னிடம் சொன்னார். தையல் பிடிக்கும்வரை வாயால் ஒரு சொட்டும் போகக் கூடாது, நான் சொல்லும்வரை. தையல் விட்டால் திரும்ப வயிற்றைத் திறக்க வேண்டும், இந்த மனிதரின் இதயம் இன்னொரு மயக்க மருந்தைத் தாங்காது. அதாவது ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் ஆள் போய்விடும். எனக்கு நன்றாக விளங்கியது. படிவத்தில் ஏழுக்கு நேரே சிவப்புப் பேனையால் எழுதி இரண்டு கோடும் போட்டேன்.

எதிரே பத்தொன்பதில் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் கடைக்காரர் ஒருவர். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். குடலிறக்கத்துக்குச் சிறிய சத்திரசிகிச்சை, அது முடிந்து எழும்பி நடக்கிறார். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, மட்டும் உண்டு. இரும்புச் சாமான் கடை. எங்கள் வாட்டில் ஆடிக்கொண்டிருந்த கதவுப் பிணைச்சல்களைப் பார்த்து, வீட்டுக்குப் போனதும் நல்லதாக நாலு அனுப்புகிறேன் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் புதன்கிழமை. கமக்காரருக்கு அன்றுதான் தலை தெளிந்தது. மூக்குக் குழாயைக் காலையில் எடுத்துவிட்டோம், சேலைன் மட்டும் ஓடியது. நான் பதினொன்றரைக்கே படிவத்தை நிரப்பி முடித்தேன். பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை பார்க்க வருகிறவர்களின் நேரம், அந்தச் சந்தடியில் எழுத முடியாது. ஒரு மணிக்குச் சுணங்காமல் கையளிக்க வேண்டும் என்பது என் பெருமை.

நான் எழுதி முடித்த பிறகுதான் எல்லாம் நடந்தது. அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது, பிறகு ஒவ்வொருவரிடமும் விசாரித்துப் பொறுக்கிச் சேர்த்தேன். பன்னிரண்டு மணிக்குக் கமக்காரரின் மனைவி வந்தார். தெளிந்த கணவர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, பின்னேரத்தில் வெயில் எந்த யன்னலால் வருகிறது என்பது. அவர் காட்டினார். இவர் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். இரண்டு நாளும் வடக்கே தலைவைத்துக் கிடந்திருக்கிறார். அதுவரை இல்லாத வலியெல்லாம் அப்போது வந்ததாம்.

மனைவி எதிர்க் கட்டிலுக்குப் போய் நானாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். நானா உடனே எழும்பித் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சுகமில்லாத உங்களை எழுப்புகிறோமே என்று அந்த அம்மா வருத்தப்பட்டபோது அவர் சொன்ன பதிலைச் சிற்றூழியர் எனக்கு அப்படியே சொன்னார்.

"இரண்டு மணித்தியாலத்திலை ஊரை விட்டே எழும்பினவங்கள் நாங்கள், தங்கச்சி. ஒரு கட்டிலை விட்டு எழும்புறது பெரிய வேலையோ?"

தொண்ணூறில் ஆயுத இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை எல்லாம் ஊரைவிட்டு அனுப்பியதைத்தான் சொன்னார். அந்த அம்மா அவருடைய போர்வையை மடித்து ஏழுக்குக் கொண்டுபோனார்.

சிற்றூழியர் ஒருவர் சேலைன் கம்பியைத் தள்ள, மனைவி கையைப் பிடிக்க, கமக்காரர் பத்தடி நடந்து பத்தொன்பதில் படுத்தார். நானா ஏழில் படுத்தார். ரிக்கற்றுகள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. தாதியர் தவிர வேறெவரும் தொடக்கூடாது.

ஏழில் குடியேறிய நானா திரைச்சீலையை இழுத்துவிட்டு வீட்டிலிருந்து இரகசியமாக வந்த புரியாணியைச் சாப்பிட்டார். அவருக்கு மென்மையான சாப்பாடு, சீனி வருத்தத்துக்கு ஏற்ற மாதிரி என்று நாங்கள் சொல்லியிருந்தோம். புரியாணி அதில் இல்லை.

ஒரு மணிக்குப் பின்னேர முறைத் தாதி வந்தாள். என்னிலும் நாலு வருடம் இளையவள், கெட்டிக்காரி. தமக்கையின் மகளுக்குச் சாமத்திய வீடு என்று ஒரு கிழமை லீவில் நின்று அன்றுதான் திரும்பியிருந்தாள், வாட்டில் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. தெரியத் தேவையில்லை என்றுதானே படிவமே செய்தது? நான் மேசையில் இருந்து வாசித்தேன். ஏழு: குடல் தைத்தது, மூன்றாம் நாள், சேலைன் தொடர்ந்து, வாயால் ஒரு சொட்டும் கூடாது. பத்தொன்பது: குடலிறக்கம், சேலைன் இருந்தால் கழற்றவும், இன்றிலிருந்து வாயால் சாப்பிடலாம். கையெழுத்து வைத்தோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அவள் படிவத்தோடு சுற்றி வந்தாள். ஏழில் ஒருவர் சேலைன் இல்லாமல் காலாட்டிக்கொண்டு படுத்திருந்தார். ஊசியைப் பிடுங்கிவிட்டார் என்று அவளுக்குக் கோபம். நான் பிடுங்கேல்லை மிஸ்ஸி, அவையள்தான் கழட்டினவை என்றார் நானா. பிடுங்குகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். புதிதாக ஊசி குத்தி, குளுக்கோஸ் கலந்த சேலைனை ஏற்றி, வாயால் ஒரு சொட்டும் எடுக்கக் கூடாது, எடுத்தால் உயிருக்கு ஆபத்து என்று எச்சரித்துவிட்டுப் போனாள். நானாவுக்கு வேர்த்துவிட்டது. புரியாணி வாசம் வெளியே போய்விட்டது, தண்டனையாகத்தான் இது என்று முடிவுசெய்து வாயை மூடிக்கொண்டார்.

பத்தொன்பதில் ஒரு மெலிந்த ஐயா சேலைனோடு படுத்திருந்தார். அவள் கழற்றினாள். இனி வாயால் சாப்பிடலாம் ஐயா என்றாள். உண்மையாகவோ என்று அவர் கேட்டார். அவள் படிவத்தைக் காட்டினாள். அதில் அச்சடித்த கோடுகளைக் கண்டதும் அவருக்குச் சந்தேகம் போய்விட்டது. மனைவிக்குப் போன் எடுத்து, வடக்கை விட்டு ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, ஊசியும் கழற்றியாச்சு, சாப்பாடும் விட்டாச்சு, பார்த்தீரோ என்று சொன்னாராம். மூன்று மணிக்குத் தேத்தண்ணி வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். வாட்டுத் தேத்தண்ணியின் நிறம் அவருக்குப் பிடிக்கவில்லை. மனைவி ஐந்து மணிக்கு வரும்போது கஞ்சி கொண்டுவரட்டும் என்று இருந்தார். அந்தத் தேத்தண்ணியைப் பற்றி நான் எத்தனையோ தரம் முறைப்பாடு எழுதியிருக்கிறேன். அதன்பிறகு எழுதவில்லை.

நாலரை மணிக்கு நானாவின் மனச்சாட்சி பொறுக்கவில்லை. தாதியைக் கூப்பிட்டு, கையைப் பிசைந்துகொண்டு, மத்தியானம் புரியாணி சாப்பிட்டதை ஒப்புக்கொண்டார். இறைச்சி போட்டதா என்று அவள் கேட்டாளாம். இறைச்சியும் முட்டையும் என்றாராம். குடல் தைத்து மூன்றாம் நாள் மனிதர் வயிற்றுக்குள் ஆட்டிறைச்சியும் முட்டையும். அவள் டொக்டரிடம் ஓடி, எக்ஸ்ரேக்குச் சொல்லி, மூக்குக் குழாயை எடுத்து வைத்துவிட்டு எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, உங்கடை ஏழாம் கட்டில் புரியாணி சாப்பிட்டிட்டார்."

நான் அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியைப் போட்ட இடம் தெரியாது. ஸ்கூட்டியில் பத்து நிமிட ஓட்டம், அந்தப் பத்து நிமிடமும் அந்த அம்மாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். ஒரு வாய் பேசாத மனுசி, விபூதியும் கையுமாக வந்து நின்றவர், இப்படிச் செய்வார் என்று யார் கண்டது? சைவக்காரர் வீட்டில் புரியாணி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எனக்கு வரவேயில்லை. கோபம் வந்தால் மற்றது ஒன்றும் எனக்கு வராது.

வாட்டுக்குள் நான் நுழைந்தபோது ஐந்து மணிக்கான மணி அடித்து ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நேரே ஏழாம் கட்டிலுக்குப் போனேன். அங்கே நானா படுத்திருந்தார், கண்ணில் நீர், மூக்கருகில் குழாயோடு ஒரு டொக்டர். என்னைக் கண்டதும் நானா கைகூப்பினார்.

"சிஸ்ரர், சத்தியமா இனித் தொடமாட்டன். குழாய் மட்டும் வேண்டாம்."

நானா ஏன் ஏழில் இருக்கிறார்? ஏழு அவருடையது இல்லையே. அப்படியென்றால் ஏழுக்கு உரியவர் எங்கே? திரும்பிப் பார்த்தேன். எதிரே பத்தொன்பதில் கமக்காரர் சாய்ந்து இருக்க, மனைவி பிளாஸ்க் மூடியில் கஞ்சியை வார்த்து ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் மூடியை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்திருந்தார்.

வேண்டாம் என்று நான் போட்ட சத்தம் அடுத்த வாட்டுக்கும் கேட்டதாம். ஓடிப்போய் மூடியைத் தட்டினேன், கஞ்சி அவர் நெஞ்சிலும் என் கையிலும் ஊற்றுண்டது. எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் பயந்துபோய் மூன்று விரலைக் காட்டினார். மூன்று மிடறு.

பிறகு நான் சிற்றூழியரைப் பிடித்தேன். ஆளை மாற்றிப் படுக்க வைத்தவர் ரிக்கற்றையும் மாற்றியிருக்கக் கூடாதா, கண் எங்கே போனது, மூளை எங்கே போனது? பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவர் என் முகத்தை நேரே பார்த்தார். சத்தம் போடவில்லை. சுவரில் ஒட்டியிருந்ததைக் கையால் காட்டினார்.

"தொடக்கூடாதெண்டு நீங்கள்தானே எழுதி ஒட்டினனீங்கள், சிஸ்ரர்."

அதற்கு மேல் திட்டுவதற்கு வாட்டில் வேறு ஆள் இல்லை. கட்டிலை மாற்றியவர்களைச் சொல்ல முடியாது, வருடக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டு இருந்தவள் நான். பின்னேரத் தாதியைச் சொல்ல முடியாது, நான் வாசித்ததைத்தான் அவள் எழுத்துக்கு எழுத்துச் செய்தாள். பதினொன்றரைக்கு எழுதிய தாளை ஒரு மணிக்குக் கதிரையை விட்டு எழும்பாமல் வாசித்தவள் நான். இருபது அடி நடந்து ஒருதரம் பார்த்திருந்தால் போதும். நிபுணரின் அறைக்குப் போய் நின்று, பிழை என்னுடையது, என்னுடைய படிவத்துடையது என்று சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் ஆட்கள் எங்கே என்று மட்டும் கேட்டார்.

பிறகு கமக்காரரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மூக்குக் குழாயையும் சேலைனையும் திரும்பப் போடச் சொன்னார். இனிப் பார்த்திருப்பதுதான் என்றார். வயிறு கல்லாக இறுகினாலோ காய்ச்சல் வந்தாலோ தையல் விட்டுவிட்டது என்று அர்த்தம். வயிறு மெத்தென்று இருந்து, குடல் அசைந்து கீழால் காற்றுப் போனால் பயமில்லை. மூன்று நாளைக்குள் தெரிந்துவிடும்.

கமக்காரரிடமும் மனைவியிடமும் நானே போய்ச் சொன்னேன், நடந்தது இன்னதென்று. அந்த அம்மா அழுதார். அழுகைக்கிடையில், தான் கட்டில் மாற்றியதால்தானே என்று கேட்டார். இல்லை அம்மா, என்னால் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வைத்தியசாலைக்காரர் தங்களில் பிழை என்று சொல்லி அவர் கேட்டதே இல்லையாம். கமக்காரர் கஞ்சி பட்ட என் கையைப் பார்த்து, சுட்டுப்போட்டுதோ பிள்ளை என்று கேட்டார். எனக்கு ஐம்பத்துமூன்று வயது. சேமிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நானாவும் தப்பவில்லை. நாங்கள் வீணாக ஏற்றிய குளுக்கோஸிலும் புரியாணியிலும் அவருடைய சீனி ஏறிவிட்டது, வீட்டுக்கு விடாமல் இன்னும் சில நாள் மறிக்க வேண்டியதாயிற்று. அவரைக் கமக்காரருக்குப் பக்கத்தில் இருபதாம் கட்டிலில் போட்டேன். இந்தமுறை ரிக்கற்றை நானே கையில் கொண்டுபோய் மாட்டினேன்.

அன்று பின்னேரமே என் படிவத்தை மேசையிலிருந்து எடுத்தேன். இனிக் கையளிப்பு மேசையில் இல்லை. போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து கட்டில் கட்டிலாக நடக்க வேண்டும், ரிக்கற்றைக் கையில் எடுக்க வேண்டும், நோயாளி தன் பெயரையும் தனக்கு என்ன செய்தது என்பதையும் தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் சொல்வதும் ரிக்கற்றில் இருப்பதும் ஒத்துவந்தால்தான் கையெழுத்து. முதல் நாள் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. ஒருவர் தன் பித்தப்பைக் கல்லைப் போத்தலில் போட்டு வைத்திருந்து எல்லோருக்கும் காட்டினார். இன்னொருவர், உங்களுக்கே தெரியாதோ என்று எங்களிடம் கேட்டுவிட்டு, தியேட்டருக்குள் பிழையான ஆட்களிடம் அகப்பட்டுவிட்டேனோ என்று மனைவியிடம் இரகசியமாகக் கவலைப்பட்டார்.

பத்தொன்பதாம் கட்டிலில் மட்டும் கேள்வி ஒன்று கூட. காற்றுப் பறிந்ததா? ஒரு நாளில் மூன்று கையளிப்பு, மூன்று தரமும் கேட்டோம். கமக்காரர் முகட்டைப் பார்ப்பார். பெயரைச் சொல்வார், குடலில் தைத்தது என்று சொல்வார், இந்தக் கேள்விக்கு மட்டும் வாய் திறக்கமாட்டார். மரியாதையான மனிதர், இரண்டு பெண்களும் ஒரு சிற்றூழியரும் நின்று கேட்கிற இந்தக் கேள்விக்கு அவர் எப்படிப் பதில் சொல்வார்? மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்களாவது கேட்டுச் சொல்லுங்கோ என்றேன்.

"அவர் அப்பிடியான ஆளில்லை, மிஸ்ஸி," என்றார் அந்த அம்மா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. ஒவ்வொரு முறையும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் பார்த்தேன். வயிறு இறுகவில்லை, ஆனால் தெளிவாகவும் இல்லை. நிபுணர் சனிக்கிழமை வருவார், அதற்குள் ஒன்றும் இல்லையென்றால் திரும்பத் திறப்பதா என்று யோசிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். திறந்தால் கமக்காரர் சத்திரசிகிச்சை மேசையிலிருந்து எழும்பி வருவாரா என்பது நிபுணருக்கும் தெரியாது. என் வீட்டில் நான் கதைக்கவில்லை. சண்டை பிடிக்காத மனைவியைக் கண்டு என் கணவர் பிரஷர் பார்க்கச் சொன்னார்.

சனிக்கிழமை எனக்கு லீவு. ஆனாலும் காலை ஏழு மணிக் கையளிப்புக்குப் போனேன். இரவு முறைத் தாதி ரிக்கற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, ஐயா பெயரைச் சொல்லுங்கோ என்றாள். சொன்னார். என்ன செய்தது? சொன்னார். காற்றுப் பறிந்ததா? முகட்டைப் பார்த்தார். இன்னும் இல்லையாம் என்று அவள் எழுதப் போனாள். நான் அவருடைய போர்வையை விலக்கி வயிற்றில் கை வைத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் நானா தொண்டையைச் செருமினார். எழும்பி உட்கார்ந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அவர் சொல்லமாட்டார், தங்கச்சி. நான் சொல்லுறன். விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பி இருந்தனான். பறிஞ்சது. என்ரை காதாலை கேட்டனான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, சாட்சிக் கூண்டில் நிற்பவரைப் போல, "இரண்டு தரம்," என்றார்.

இரவுத் தாதி பேனையைத் தூக்கியபடி என்னைப் பார்த்தாள். நான் கமக்காரரைப் பார்த்தேன். அவருடைய காதுகள் சிவந்திருந்தன. முகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், மெல்லிய குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி அவர் திருத்தினார்.

"மூண்டு."

பேனையை அவள் கையிலிருந்து நான் வாங்கினேன். ரிக்கற்றில் மூன்று என்று எழுதி, அதற்குக் கீழே கோடும் போட்டேன். கண் கலங்கியிருந்ததால் கோடு நேராக வரவில்லை.